மூன்றாவது சரணமும் ஒரு கட்டைப்பையும்

போன வருடம் ஆவணியில் ஒரு முகூர்த்த நாள் காலை. இடம், பல்லடம் பஸ் ஸ்டாண்டு. திருப்பூர் போகிற தனியார் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, ஹாரன் அடித்து, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பின. நான் மட்டும் எதிலும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் ஒரு பெண்ணின் முதல் ஆர்டர் இருந்தது. காதில் மூன்று பஸ்களின் பாட்டு ஒரே சமயத்தில் விழுந்துகொண்டிருந்தது. பை, பாட்டு இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் திறமை எனக்கு இல்லை என்பது அன்று மதியத்துக்குள் ஒரு வழித்தடம் முழுவதற்கும் தெரிந்துபோனது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீடு பல்லடத்தில், வேலை திருப்பூரில். ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்கிற சட்டைக்கும் நம்மூர்க்காரர் தைக்கிற சட்டைக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்பதுதான் அந்த வேலை. மீதி நேரமெல்லாம் பாட்டு கேட்பேன். பாட மாட்டேன். ஒரு முறை குளியலறையில் பாடியதற்கு வீட்டில், "கெய்சர் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சினிமாவுக்குப் போனாலும் நான் பார்ப்பது வேறு படம். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது பின்னால் வயலின் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். படம் முடிந்து வெளியே வந்ததும் மனைவி, "கடைசியில அவ செத்தது சரிங்களா?" என்பார். "செத்துட்டாளா?" என்பேன் நான். கச்சேரிகளுக்கும் போய்ப் பார்த்தேன். கோயமுத்தூரில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்கு ஆசையாக டிக்கெட் எடுத்துப் போனேன். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்ததால் மேடையை நூறு சின்னத் திரைகளில் பார்த்தேன். நான் வருடக்கணக்காகக் காத்திருந்த பாட்டு தொடங்கியது. கண்ணை மூடினேன். பல்லவி முடிகிற இடத்தில் பின்னங்கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தால், பின்வரிசைக்காரர் என் டி-ஷர்ட்டின் காலரைத் திருப்பி லேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"துணி நல்லா இருக்குதுங்களே, எந்த யூனிட்டுங்க?" என்றார். திருப்பூர்க்காரர்.

கோபப்பட முடியவில்லை. எங்கள் ஊரில் அது வணக்கம் சொல்வது மாதிரி. யார் எதைப் போட்டிருந்தாலும் தொட்டுப் பார்ப்போம், இழுத்துப் பார்ப்போம், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்போம். கல்யாண மாப்பிள்ளையையே அப்படிப் பார்ப்பவர்கள் உண்டு. அவருக்குப் பதில் சொல்லி, அவர் நூல் விலையைப் பற்றிக் கேட்டு, அதற்கும் பதில் சொல்லி முடித்தபோது பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. நானும் தட்டினேன்.

இப்படியாக, தொந்தரவில்லாமல் பாட்டு கேட்க இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் பல்லடம் – திருப்பூர் பஸ். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் எஞ்சினை அடுத்து முக்கியமான பாகம் ஸ்பீக்கர். ஒவ்வொரு டிரைவரும் ஒரு ராஜாங்கம். ஒருவர் பஸ்ஸில் சோகப் பாட்டு மட்டும் ஓடும், இன்னொருவர் பஸ்ஸில் குத்துப்பாட்டு கேட்டு ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும். அதனால் நான் பஸ்ஸின் பேரைப் பார்த்து ஏறுவதில்லை. நிற்பேன், கேட்பேன், சரியான பாட்டு வந்தால் ஏறுவேன். அதற்காக நாலைந்து பஸ்களை விட்டுவிடுவதும் உண்டு. இறங்குவதிலும் ஒரு சிக்கல். என் நிறுத்தம் தென்னம்பாளையம். சரணத்தின் நடுவில் தென்னம்பாளையம் வந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். பாட்டு முடிகிற இடத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கட்டைப்பை.

அதன் சொந்தக்காரி, நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். பல்லடத்தில் தறி ஓடிய ஒரு பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ஆறு மிஷினைப் போட்டு, சொந்தமாகக் குழந்தைத் துணி தைக்க ஆரம்பித்திருந்தார். அதுவரை மற்றவர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். முதல் முறையாக நேரடியாக ஒரு ஆர்டர் அவர் வாசலுக்கு வந்திருந்தது. சின்ன ஆர்டர்தான். பெரிய யூனிட்டுகள் கண்டுகொள்ளாத அளவு. ஆனால் அது கிடைத்தால் ஷெட்டைத் தக்கவைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மிஷின்களை விற்றுவிட்டு மறுபடி யாருடைய செக்கிங் டேபிளிலாவது போய் நிற்க வேண்டியதுதான். இதை அவரே சொல்லியிருந்தார், வருத்தமாக இல்லை, மழை வருமா வராதா என்று சொல்வது போல.

பையர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர், அன்று காலை எங்கள் ஆபீஸுக்கு வருகிறார், சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், பிடித்தால் அங்கேயே கையெழுத்து, மதியம் விமானம். இதுதான் ஏற்பாடு. சாம்பிள் என்றால் மஞ்சளும் சாம்பலும் கோடு போட்ட கைக்குழந்தைச் சட்டை. மூன்று அளவில் மூன்று சட்டை. அந்தக் கோட்டுத் துணி அவ்வளவுதான் வந்திருந்தது. நாலாவது சட்டைக்குத் துணி கிடையாது. அதில் கழுத்துதான் எல்லாம். குழந்தையின் தலை பெரிது, கழுத்து சின்னது. நன்றாக விரியவும் வேண்டும், விட்டதும் பழையபடி சுருங்கவும் வேண்டும். கழுத்தைச் சுற்றி வைக்கிற இழுபடும் பட்டிக்கு ரிப் என்று பேர். அதைப் பிரித்துப் பிரித்துத் தைத்து ஒரு வழியாகச் சரிக்குக் கொண்டுவந்திருந்தார்.

காலையில் ஷெட்டுக்குப் போனபோது, "எங்க ஊட்டுக்காரரு டூ வீலர்ல கொண்டாந்து குடுத்துருவாருங்ணா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார் அவர்.

"தினமும் போற வழிதானே? டூ வீலர்ல தூசி அடிக்கும், தூறல் விழும். பஸ்ஸுன்னா பத்திரமா மடியில வெச்சிட்டுப் போயிருவேன்" என்றேன் நான். அவர் ஒரு விநாடி யோசித்தார். அந்த ஒரு விநாடியில் அவருக்குத் தோன்றியதே சரி. மரியாதைக்காகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ் குத்துப்பாட்டு. விட்டேன். இரண்டாவதில் வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். விட்டேன். நேரம் நிறைய இருந்தது. மூன்றாவதாக ஒரு பஸ் வந்தது. ஜன்னல் வழியே தவில் இல்லாமல் தனி நாதஸ்வரமாக ஒரு தொடக்கம் கேட்டது. அந்தப் பஸ்ஸின் நிறமோ பேரோ நான் பார்க்கவில்லை. ஏறிவிட்டேன். முகூர்த்த நாள் ஆனதால் கூட்டம். நின்றுகொண்டுதான் போக முடிந்தது. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பையை மேலே கம்பித் தட்டில் வைத்தேன். பாதி வழியில் உட்கார இடம் கிடைத்தது. பையை எடுத்து மடியில் வைத்திருக்கலாம். ஆனால் அப்போது இரண்டாவது பாட்டின் இடையிசை ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைச் சுருட்டி இரண்டு காதையும் சுத்தம் செய்துகொண்டு, டிக்கெட்டை ஜன்னல் வழியே எறிந்துவிட்டுச் சாய்ந்துகொண்டேன்.

வீரபாண்டி பிரிவு சிக்னலில் பஸ் நின்றது. அப்போதுதான் அந்தப் பாட்டு தொடங்கியது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான். படத்தில் இரண்டு சரணம். ஆனால் பழைய இசைத்தட்டில் மூன்றாவதாக ஒரு சரணம் உண்டு. என் கல்லூரி நாட்களில் ஒரு நண்பன் வீட்டில் ஒரே ஒரு தடவை கேட்டது. அதற்கப்புறம் எங்கேயும் கேட்டதில்லை. நானே கற்பனை செய்துகொண்டேனோ என்றுகூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இரண்டாவது சரணம் முடிந்தது. பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வீணை தனியாக நின்றது. பிறகு, பாடுகிற அம்மாள் மூச்சு இழுக்கும் சத்தம். அவ்வளவுதான், எனக்கு இருபது வயதாகிவிட்டது.

எனக்கு ஐம்பது திரும்பி வந்தபோது பஸ் தென்னம்பாளையத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. பையரும் ஆர்டரும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்து, "ஆள் எறக்கம்!" என்று கத்திக்கொண்டு குதித்தேன். எல்லாம் ஞாபகம் வந்தது, பையைத் தவிர. ஆபீஸை நோக்கி வேகமாக நடந்தேன். இரண்டு கையையும் நன்றாக வீசி நடந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான், இவ்வளவு தாராளமாகக் கை வீச முடிகிறதே என்று தோன்றியது.

அந்த நொடியைப் பற்றி விவரிக்கத் தெரியவில்லை. காதில் ஓடிக்கொண்டிருந்த வீணை நின்றுபோனது என்று மட்டும் சொல்லலாம்.

ஆட்டோ பிடித்துப் பழைய பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போகும்போது ஷெட்டிலிருந்து போன் வந்தது. அவர்தான்.

"ஏனுங்ணா, குடுத்துட்டீங்களா?"

பஸ் லேட் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. பாட்டு கேட்டுக்கொண்டே வந்ததில் பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன், தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ சைகை செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு மிஷினாக நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்படி என்ன பாட்டுங்ணா அது?" என்று கேட்டார்.

எந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசக்கூடிய எனக்குப் பதில் வரவில்லை. "நான் கிளம்பி வர்றேனுங்" என்று போனை வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், கையில் விசிலோடு ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த பஸ்ஸுங்க சார்?"

"தெரியலீங்க."

"பேரு?"

"பார்க்கலீங்க."

"செரி, என்ன கலரு? பச்சையா, நீலமா?"

ஷேடு கார்டில் ஒரே நீலத்தின் பதினாறு வகையைக் கண்ணால் பிரித்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அன்று ஒரு முழு பஸ்ஸின் நிறம் எனக்குத் தெரியவில்லை.

"டிக்கெட்டுல பேரு இருக்குமே, டிக்கெட்டக் காட்டுங்க."

டிக்கெட்டை என்ன செய்தேன் என்று சொன்னேன். டைம் கீப்பர் என் காதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பறம் என்னதானுங்க தெரியும் உங்களுக்கு?"

"என்னென்ன பாட்டு போட்டாங்கன்னு தெரியும்" என்றேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லுங்" என்றார், நோயாளியிடம் டாக்டர் கேட்பது போல.

நாதஸ்வரப் பாட்டைச் சொன்னேன். "அது எட்டு வண்டில இருக்குது." இரண்டாவது, ஒரு அம்மா பாட்டு. "அது இல்லாத வண்டிக்குப் பர்மிட்டே குடுக்க மாட்டாங்க. அடுத்தது?" மூன்றாவதைச் சொல்லத் தெரியவில்லை. பல்லவி வரியைச் சொன்னால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நான் சொல்ல வேண்டியது அந்த வீணையை. வேறு வழியில்லாமல், வெயிலில், வெள்ளரிக்காய் விற்கிறவரும் முகூர்த்தத்துக்குப் போகிறவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, என் குரலில் வீணை வாசித்தேன். அதைத் தொடர்ந்து அந்தச் சரணத்தையும் இரண்டு வரி பாடினேன். ஒரு கைக்குழந்தை அழுதது.

"போதுங் சார், போதுங்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் டைம் கீப்பர்.

டிரைவர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "இருங். நீங்க பாடுனது மூணாவது சரணம்ல? பஸ்ஸுல அது எவனும் போட மாட்டானுங்களே." பிறகு தொடையில் ஒரு தட்டு தட்டினார். "அட, நம்ம உடுமலை வண்டிக்காரன்! அவன்தான் மூணு சரணம் வேணும்னு பென்டிரைவ்ல பாட்டு ஏத்தற கடைக்காரன்கூடச் சண்டை போட்டு வாங்குனவன்."

அப்படி ஒரு ரசிகரா என்று அந்த நிலையிலும் எனக்கு ஒரு சிலிர்ப்பு. "அவருக்கு அந்தச் சரணம் அவ்வளவு பிடிக்குங்களா?" என்றேன்.

"புடிக்கறதாவது! வீரபாண்டி பிரிவு சிக்னல்ல வண்டி நின்னுபோச்சுன்னா சனங்க கத்துமல்லங்க? பாட்டு ஓடிட்டு இருந்தா கத்தாது. ரெண்டு சரணம்னா சிக்னல்லயே முடிஞ்சுருது. மூணு சரணம்னா தென்னம்பாளையம் தாண்டற வரைக்கும் தாக்குப் புடிக்குது. அதுக்குத்தானுங்."

முப்பது வருடமாக நான் தேடிய சரணம், போக்குவரத்து நெரிசலுக்கு மருந்தாகத் தினமும் இரு வேளை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

உடுமலை வண்டி அதற்குள் திரும்பிப் போய்விட்டிருந்தது. டைம் கீப்பர் அதன் கண்டக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கண்டக்டர் "அலோ" என்பதற்கு முன்னால், அவருக்குப் பின்னால் அந்த வீணை கேட்டது.

"இதேதான்! சிக்னல்ல நிக்கிறாங்க!" என்று கத்தினேன்.

"சார், இப்பவும் பாட்டுத்தான் கேக்கறீங்களா?" என்றார் டைம் கீப்பர்.

கண்டக்டர் கம்பித் தட்டைப் பார்த்தார். "கட்டைப்பைதானுங்களே? மூணு இருக்குதுங். என்ன வெச்சிருந்தீங்க உள்ள?"

"குழந்தைத் துணிங்க."

பிரித்துப் பார்க்கிற சத்தம். "மூணுலயும் குழந்தைத் துணிதானுங் இருக்குது."

இது திருப்பூர் என்பதை நான் மறந்திருந்தேன். ஒன்று சந்தையில் விற்கக் கொண்டுபோகிறவருடையது. இன்னொன்று, ஊரில் பிறந்திருக்கும் தன் குழந்தைக்காக வாங்கிய ஒரு வடநாட்டுத் தொழிலாளியுடையது. அவர் "மேரா, மேரா" என்று, அது தன்னுடையது என்று இந்தியில் பதறுவது எனக்கே கேட்டது. மஞ்சள் கோடு, சாம்பல் கோடு என்று கத்தினேன். கிடைத்துவிட்டது. அதோடு முடிந்திருந்தால் அது வேறு ஊர். போனில் பெண்களின் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. முகூர்த்தத்துக்காகப் பட்டுப்புடவை கட்டி லீவு போட்டு வந்த டெய்லர்கள்.

"இங்க குடுங் பார்க்கலாம். ரிப்பு என்ன துணி இது?"

"கழுத்த இழுத்துப் பாரு, தாங்குதான்னு."

"ஐயோ, இழுக்காதீங்க!" என்று நான் இங்கே அலறினேன். அங்கே யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பஸ் முழுக்க அந்தக் கழுத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கடைசியில் கண்டக்டர் லைனில் வந்தார். "சார், கழுத்து அருமையா வந்திருக்குதாமுங். இழுத்து உட்டா அப்படியே பழைய இடத்துக்கு வருதுங்கறாங்க. உள்பக்கம் ஒரு பிசிறு இருந்துச்சாம், இங்க ஒரு அக்கா கட்டர்ல வெட்டி உட்டுருச்சு." கல்யாணத்துக்குப் போகிற கைப்பையில் நூல் வெட்டும் கட்டர் வைத்திருக்கும் பெண்கள் எங்கள் ஊரில்தான் இருப்பார்கள். "எதிர்க்க சிக்னல்ல நம்ம வண்டி ஒண்ணு நிக்குது. ஜன்னல் வழியா குடுத்துடறேனுங். நீங்க தென்னம்பாளையத்துல வந்து நில்லுங். பேரு சொல்றேன், கேட்டுக்கறீங்களா? இல்ல, என்ன பாட்டு ஓடுதுன்னு சொல்லட்டுங்களா?"

பஸ் ஸ்டாண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க எனக்கு அன்று உரிமை இல்லை.

அப்போதுதான் டீ டிரைவர் சொன்னார். "உங்களத் தெரியாதவன் இந்த ரூட்டுல எவனுங்க இருக்கறான்? பாட்டு சார்தானுங்களே? தென்னம்பாளையம் வந்தா டிரைவரும் கண்டக்டரும் கண்ணாடில உங்களத்தான் பார்ப்போம். இன்னைக்கு எறங்குவாரா, மாட்டாரான்னு ஒரு டீ பந்தயம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் எப்பவும் மாட்டாருன்னுதான் கட்டுவேன். தோத்ததே இல்லீங்" என்றார்.

தென்னம்பாளையத்தில் நின்றேன். மார்க்கெட் வண்டிகளுக்கு நடுவே ஒரு பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, "பாட்டு சார்! பை!" என்றது. வாங்கிக்கொண்டு ஓடினேன். நான் ஆபீஸ் கேட்டுக்குப் போகவும், பல்லடத்திலிருந்து கிளம்பி வந்த அவர் ஸ்கூட்டியை நிறுத்தவும் சரியாக இருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பையை வாங்கினார். மூன்று சட்டையையும் எடுத்து, ஒவ்வொன்றின் கழுத்தையும் இழுத்து, விட்டுப் பார்த்தார். ஒன்றை உள்பக்கம் திருப்பினார்.

"இங்க ஒரு பிசிறு உட்டிருந்தேன். யாருங்ணா வெட்டுனது?"

"முகூர்த்தத்துக்குப் போறவங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். கழுத்து அருமையாக வந்திருப்பதாகப் பஸ்ஸே சொன்னது என்றும் சொன்னேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்ணையும் சேர்த்து. பிறகு பையைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். பையர் கிளம்புவதற்காகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே ஒரு சட்டையை எடுத்தார். எல்லாக் கண்ணும் அவர் விரல் மேல். கழுத்தை இழுத்தார். விட்டார். அது தன் இடத்துக்குத் திரும்பியது. மறுபடி இழுத்தார், விட்டார். உலகத்தில் எல்லோருமே திருப்பூர்க்காரர்கள்தானோ என்று தோன்றியது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்து, பேனாவைக் கேட்டார்.

அந்த ஷெட்டில் இப்போதும் ஆறு மிஷின் ஓடுகிறது. ஏழாவதுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து ஒரு வேலையாக அங்கே போனபோது அவராகவே பேச்செடுத்தார். அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து ஷெட்டில் போட்டுக் கேட்டாராம்.

"நல்லாத்தானுங்ணா இருக்குது. ஆனா அந்த வீணை வர்ற எடத்துல அத்தன மிஷினும் நின்னுபோச்சு. இந்தப் பாட்டுக்கு வேலை ஓடாதுங். எடுத்துட்டேன்" என்றார். 'அப்படி என்ன பாட்டு' என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடியாத பதிலை அவரே சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அதற்கப்புறம் சாம்பிள் எதையும் என்னிடம் கொடுத்தனுப்பியதில்லை. வீட்டுக்காரர் டூ வீலரில் கொண்டுவருகிறார். அதுவும் சரிதான்.

நான் இப்போதும் பாட்டைக் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். பையிருந்தால் மடியில். ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், பல்லவியோ சரணமோ எது ஓடிக்கொண்டிருந்தாலும், தென்னம்பாளையம் நெருங்கும்போது டிரைவர் பாட்டை நிறுத்திவிடுகிறார். "சார், உங்க ஸ்டாப்புங்" என்கிறார் கண்டக்டர். மொத்தப் பஸ்ஸும் திரும்பிப் பார்க்க, நான் எழுந்து இறங்குகிறேன். அந்த டீ பந்தயமும் நின்றுபோயிருக்க வேண்டும். நான் இறங்கி, பஸ் நகர்ந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி சத்தமாகத் தொடங்குகிறது. அது என்னை விட்டுவிட்டுத் தூரமாகப் போவதை ரோட்டோரம் நின்று கேட்பேன்.

பாட்டைப் பாதியில் அறுப்பவனைப் போலப் பாவி உலகத்தில் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். எனக்காக இதுவரை யாரும் ஒரு பாட்டுப் பாடியதில்லை, ஆனால் எனக்காக ஒரு பாட்டை நிறுத்துவதற்கு ஒரு வழித்தடமே இருக்கிறது என்று நினைக்கும்போது, அந்தச் சில விநாடி அமைதிக்கு ஈடாக என்னிடம் உள்ள எந்தப் பாட்டையும் சொல்லத் தோன்றவில்லை.